கூகுள் ஸ்லைட்ஸ், கன்வா போன்ற, ஸ்லைடு தயாரிக்கும் இலவசக் கருவிகள் யாழ்ப்பாணத்து வகுப்பறைக்கு உண்மையில் உதவுமா?

உதவும், பாடத்தைப் பொறுத்து. நீங்கள் புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும், அதுவும் அதிபரின் அலுமாரிக்குள் இருக்கும். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் புவியியல் படிப்பிக்கிறேன். எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர். அது அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது கணக்கு. இதைப் பலகையில் சோக்கால் கீறலாம், அசைத்துக் காட்ட முடியாது.

கூகுள் ஸ்லைட்ஸில் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து, அதே ஸ்லைடைப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரேயொரு மாற்றம் செய்தேன். கிணற்றில் மோட்டர் இறைக்கிறது, நன்னீர் மட்டம் இறங்குகிறது, அடியிலிருந்து உப்புநீர் கூம்பாக ஏறுகிறது. அடுத்தடுத்து அமத்தினால் படம் ஓடும். உப்புநீர் குழாயின் வாயைத் தொட்டதும் பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன், "சேர், அதுதானோ எங்கட கிணறு இப்ப உவர்க்குது?" என்று கேட்டான். அவன் வீடு கடற்கரைப் பக்கம். எங்கள் ஊரின் ஆழமான நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது ஏன் என்று பிறகு பிள்ளைகளே சொன்னார்கள்.

"படம் காட்டினால் படிப்பு வந்துவிடுமா?" என்று கேட்க ஆட்கள் இருப்பார்கள். காட்டியதோடு நான் விடவில்லை, ஒவ்வொருவரையும் கொப்பியில் கீற வைத்தேன். நீண்ட குறிப்பை ஸ்லைடில் போட்டு வாசிப்பதற்கென்றால் இந்தக் கருவியே வேண்டாம், புத்தகம் போதும்.

பெரிய இடைஞ்சல் எழுத்துரு. எங்கள் ஊரில் கைமாறும் கோப்புகளில் பல இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. கூகுள் ஸ்லைட்ஸில் ஏற்றினால் எல்லாம் ஆங்கில எழுத்தாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். முதலில் எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். அப்புறம் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன் போன்ற எழுத்துருக்கள் உள்ளேயே இருக்கின்றன.

வகுப்பில் இணையத்தை நம்ப வேண்டாம். குரோமில் ஆஃப்லைன் வசதியை வீட்டிலேயே போட்டுவையுங்கள், கூடவே பிடிஎஃப் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். இணையமே வேண்டாமென்றால் லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். கன்வாவின் கல்விப் பதிப்பும் ஆசிரியர்களுக்கு இலவசம்தான், ஆசிரியர் என்று உறுதிப்படுத்த ஆவணம் கேட்பார்கள். நான் அதைச் சுவரொட்டிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டர் போட்ட அன்றெல்லாம் பாடம் நடக்கும்போதே புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்கச் சொல்லி, கை உயர்த்தச் சொல்லி, திரும்பவும் எடுக்க வேண்டும். ஒரு பாடவேளையே சிறியது. கருவியைத் தூக்கிவந்து பொருத்தவே அதில் நிறையப் போய்விடுகிறது. டேட்டாவுக்கு நாங்கள் கைக்காசு போடுகிறோம், அதைக்கூட நான் பெரிதாகச் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பாடம் முடிந்த பிறகு கேட்டால் என்ன?