உப்புக்கறைக்கு எது, எண்ணெய்ப் பிசுக்குக்கு எது?

கேள்வி: எங்களுக்கு போர்வெல் தண்ணீர்தான். பாத்ரூம் டைல்ஸ் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினேன், மூச்சு முட்டி வெளியே ஓடி வந்துவிட்டேன். ஆசிட் மட்ட சரக்கா?
– வாசகி, திண்டுக்கல்

சரக்கில் கோளாறு இல்லை அம்மா, இரண்டையும் சேர்த்ததுதான் ஆபத்து. பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டதும் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், குத்துக்காலிட்டுத் தேய்ப்பவர் முகத்துக்கு நேரே நிற்கும். நீங்கள் உடனே வெளியே வந்தது நல்லதாகப் போயிற்று. இருமலோ இளைப்போ இன்னும் இருந்தால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டுமல்ல, துணிக்குப் போடும் பிளீச்சிங் திரவமும் அப்படித்தான், டாய்லெட் கிளீனர்களிலும் பெரும்பாலும் ஆசிட்தான் இருக்கிறது, அதனால் ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, கறைக்கு வருவோம். அந்த வெள்ளைப் படிவு தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்து. பிளீச்சிங் பவுடரை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் அது கரையாது, புளிப்புக்குத்தான் கரையும். முதலில் வினிகர், அல்லது மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் கரைத்து, பழைய துணியை நனைத்துக் கறை மேல் அரை மணி நேரம் ஒட்டி வைத்துவிட்டு அப்புறம் தேயுங்கள். பல வருடப் படிவு என்றால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். அதற்கும் அசையாவிட்டால் மட்டும் டைல்ஸுக்கு என்று விற்கும் ஆசிட் கிளீனர். ஊற்றுவதற்கு முன் டைல்ஸை நன்றாக நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இடுக்கில் பூசிய சிமெண்ட் ஆசிட்டை உறிஞ்சி அரித்துப் போகும். குழாய்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேல் பூச்சு உரிந்துவிடும். பிளீச்சிங் பவுடருக்கும் வேலை உண்டு: பாசி, மூலையில் வரும் கரும்பூஞ்சை. அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எக்ஸாஸ்ட் ஃபேன் பிசுக்குக்கு வாஷிங் சோடா அருமையாக வேலை செய்தது. அதே தண்ணீரில் அலுமினிய இட்லிப் பானையை ஊற வைத்தேன், கறுத்துவிட்டது. பானை போச்சா?
– வாசகர், நாகர்கோவில்

போகவில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடா சரியான தேர்வுதான், வெந்நீரில் போட்டால் பிசுக்கைச் சோப்பு மாதிரி ஆக்கிக் கழற்றிவிடும். ஆனால் சோடா ஒரு காரம், அதாவது புளிப்புக்கு எதிரானது, அது அலுமினியத்தை அரிக்கும். பானையில் புளித் தண்ணீரோ எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்க விடுங்கள், கறுப்பு பெரும்பாலும் போய்விடும். நம் வீடுகளில் இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு துண்டு புளி போட்டு வைப்பதும் இதற்குத்தான். இன்னொன்று, வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து நுரை பொங்கப் பொங்கத் தேய்க்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. புளிப்பும் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் பலன்.

கேள்வி: பழைய மொசைக் தரை மங்கிவிட்டது. ஃபினாயில் போட்டும் பளபளப்பு வரவில்லை. கணவர் லூஸ் ஆசிட்டை ஒரு தண்ணீர் பாட்டிலில் வாங்கி வந்திருக்கிறார். ஊற்றலாமா?
– வாசகி, மதுரை

ஊற்றாதீர்கள். மொசைக்கில் பதித்திருப்பது பெரும்பாலும் மார்பிள் சில்லு, அதுவும் சுண்ணாம்பு ஜாதிதான். ஆசிட் பட்ட இடமெல்லாம் சொரசொரப்பாகி, திரும்ப மிஷின் போட்டு பாலீஷ் செய்தால்தான் சரியாகும். ஃபினாயில் கிருமிக்கும் வாடைக்கும் மட்டும், அழுக்கை எடுக்காது. சோப்புத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட்டு, அப்புறம் ஃபினாயில் போடுங்கள்.

அந்தப் பாட்டில்தான் எனக்கு ரொம்பக் கவலையாக இருக்கிறது. தாகத்தில் வரும் குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில்தான். இந்தப் பதிலைப் படித்த கையோடு அதன் மேல் பெரிதாக எழுதி ஒட்டி, பூட்டும் அலமாரியில் வையுங்கள். தவறிப்போய் யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏறி வரும்போது தொண்டையை இன்னொரு முறை புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.