பழைய ஹஸ்க்வர்னா 268 செயின்சாவில் பிஸ்டன் கீறிப்போயிருக்கிறது. புது பிஸ்டன் மாற்றினால் மட்டும் போதுமா?

போதாது. ஏன் கீறியது என்று பார்க்காமல் மாற்றினால், புதியதும் சில டேங்க் பெட்ரோலுக்குள் அதே கதிக்குப் போகும்.

சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றியிருப்பார்கள், அல்லது எங்கேயோ காற்று புகுந்து மிக்ஸ்சரில் (பெட்ரோல்-காற்றுக் கலவை) பெட்ரோல் குறைந்திருக்கும். கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டி மரத்தூள் போயிருக்கிறது.

காற்று புகுகிறதா என்பதை எஞ்சினைப் பிரிக்கும் முன்பே சோதிக்க வேண்டும். சைலன்சருக்கு அடியிலும் கார்புரேட்டருக்கு அடியிலும் சைக்கிள் ட்யூப் துண்டை வைத்து இறுக்குங்கள். பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் ஒரு குழாயைப் பொருத்தினால் அடாப்டர் தயார். பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தி, பழைய பி.பி. கருவியின் பம்பால் முள் 300 மி.மீ. (பாதரச அளவு) காட்டும் வரை ஏற்றுங்கள், அது சுமார் 0.4 பார். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், நுரை காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் கிராங்க் ஆயில் சீல்தான், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையம். கிடந்து கிடந்து ரப்பர் இறுகிவிடும். இறுகிய சீல் அழுத்தத்தைத் தாங்கிவிட்டு வாக்குவத்தில் (காற்றை உறிஞ்சும்போது) மட்டும் விடுவதும் உண்டு. அதனால் இரண்டு சோதனையும் வேண்டும். எப்படியும் பிரிக்கத்தான் போகிறீர்கள், இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள். கிளட்ச் இடது மரை. கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். பிஸ்டனை நிறுத்த பிளக் துளை வழியே கயிறு திணியுங்கள், ஸ்க்ரூடிரைவர் கூடாது.

சிலிண்டரை அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். அந்தக் கோடுகள் பல சமயம் சுவரில் ஒட்டிய பிஸ்டன் அலுமினியம்தான். திறந்தவெளியில், கையுறை போட்டு, பஞ்சில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை) விளிம்பில் படக் கூடாது. நுரைத்து அடங்கினால் தண்ணீரும் சோடா உப்பும் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். நுரை அடங்கவே இல்லையென்றால் சிலிண்டர் உள்சுவரின் கோட்டிங் போய்விட்டது, வேறு சிலிண்டர்தான்.

புது பிஸ்டன் 50 மி.மீ. அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கட்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்கிளிப்பும் புதியதாக, அதன் வாய் மேலேயோ கீழேயோ பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கவாட்டில் விட்டால் பிஸ்டனின் ஓட்டத்திலேயே சுருங்கித் தெறித்து சிலிண்டரை உழுதுவிடும். எல்லாம் பூட்டியபின் மறுபடி பிரஷர் டெஸ்ட்.

இக்னிஷன் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி 0.3 மி.மீ., ஒரு விசிட்டிங் கார்டு கனம். கார்புரேட்டருக்கு டயாஃப்ரம் கிட் போட்டு, எச் (அதிவேகம்), எல் (குறைந்த வேகம்) இரண்டு பெட்ரோல் ஸ்க்ரூவையும் ஒரு சுற்று திறந்து ஆரம்பியுங்கள். லிட்டருக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில். முழு த்ராட்டிலில் சும்மா ஓடும்போது சத்தம் சற்றே உடைந்து கேட்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அது தெளிய வேண்டும். சும்மா ஓடும்போதே கீச்சென்று கத்தினால் உடனே எச் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.