அந்தக் கைகளை இறக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இன்னும் பேச்சு வரவில்லை. வாரம் மூன்று நாள் ஸ்பீச் தெரபி போகிறோம். அதை ஐந்து நாளாக்கினால் சீக்கிரம் பேசுவானா? அதற்காக வேலையை விட்டுவிடலாமா? அடமும் கூடிக்கொண்டே போகிறது. மிக்ஸி ஓடினாலும், வீட்டில் நாலு பேர் கூடிப் பேசினாலும் காதைப் பொத்திக்கொள்வான். வந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்களே என்று நான்தான் கையை இறக்கிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் தரையில் விழுந்து தலையை முட்டிக்கொள்வான். எப்போதுதான் பேசுவான்?

பதில்: எப்போது பேசுவான் என்று யாராலும் நாள் குறித்துத் தர முடியாது. தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் வேறொரு வரிதான் மனதை அறுக்கிறது. "நான்தான் கையை இறக்கிவிடுவேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது.

பேச்சு வராத பிள்ளை. சத்தம் தாங்க முடியவில்லை என்று வாயால் சொல்லத் தெரியாது. ஆனாலும் தனக்கு என்ன செய்தால் சரியாகும் என்று தானே கண்டுபிடித்து இரண்டு கையாலும் காதை மூடிக்கொள்கிறான். இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தை எப்படிச் சொல்லும்? நீங்கள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்குகிறீர்கள். அவன் திரும்பப் பொத்துகிறான், நீங்கள் திரும்ப இறக்குகிறீர்கள். கடைசியில் அவன் தரையில் விழுகிறான், நீங்கள் அதற்கு அடம் என்று பேர் வைக்கிறீர்கள்.

அடம் பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் அழுகை நின்றுவிடும். உங்கள் மகன் தலையை முட்டிக்கொள்ளும்போது யாரையாவது பார்க்கிறானா? அது தாங்க முடியாமல் உடைந்துபோவது. அந்த நேரத்தில் அதட்டவும் வேண்டாம், சமாதானம் சொல்கிறேன் என்று பேசிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். சத்தத்தை நிறுத்துங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள், தலைக்கு அடியில் தலையணையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அடிக்கடி முட்டிக்கொள்கிறான் என்றால் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.

சத்தம் இந்தக் குழந்தைகளை வதைப்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, பெரிய சத்தம் கேட்டால் அவர்கள் மிரள்வதைக் குறித்திருக்கிறார். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு, இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. நமக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் மிக்ஸி அவனுக்கு வலியாகவே இருக்கலாம். அடிபட்டு வீங்கிய இடத்தை ஒரு பிள்ளை மூடிக்கொண்டால் விருந்தாளி பார்க்கிறார் என்று கையை எடுத்துவிடுவீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரத்தில் நீங்கள் காப்பாற்றியது உங்கள் மானத்தைத்தான். நான் பழைய காலத்து ஆள், உறவு வேண்டும் என்பவள், வீட்டுக்கு வந்தவரை மதிக்க வேண்டும் என்பவள். ஆனால் வலியில் இருக்கும் பிள்ளைக்கும் வந்தவருக்கும் நடுவில் பெற்றவர்கள் பிள்ளை பக்கம்தான் நிற்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. "அவனுக்குச் சத்தம் ஆகாது, கொஞ்சம் மெதுவாகப் பேசலாமா" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு முகம் சுளிக்கிற உறவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இதை உங்கள் கணவரும் சொல்ல வேண்டும், எல்லாம் உங்கள் தலையில் விழக்கூடாது.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. வேண்டாம் என்று கையால் சொன்னாலும் பெரியவர்கள் விடமாட்டார்கள் என்று இந்த வயதில் அவன் கற்றுக்கொண்டால், நாளைக்குத் தப்பான ஆள் கையைப் பிடிக்கும்போது எப்படித் தடுப்பான்?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. மிக்ஸி போடுவதற்கு முன் அதன் படத்தைக் காட்டுங்கள், அவன் அடுத்த அறைக்குப் போக விரும்பினால் போகட்டும். விருப்பம் இருந்தால் ஸ்விட்சை அவனையே போடச் சொல்லிப் பாருங்கள். எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது தன் கையில் இருந்தால் பல குழந்தைகளுக்குப் பாதி பயம் போய்விடும். சத்தத்தைக் குறைக்கிற காதுமூடி கிடைக்கிறது, வாங்கிக் கொடுங்கள். ஆனால் நாள் முழுக்க மாட்டிவைத்தால் காது இன்னும் கூசத் தொடங்கலாம், சத்தமான நேரத்துக்கு மட்டும் போதும். படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள், அது உண்மையில்லை. பேச்சு தாமதமானதால் முறையான காது பரிசோதனையும் செய்திருக்க வேண்டும், செய்யவில்லையென்றால் உடனே செய்யுங்கள்.

அப்புறம் அந்த ஐந்து நாள் விஷயம். வேலையை விடுவது பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். முதலில் எனக்கு ஒன்று சொல்லுங்கள், அவன் காதைப் பொத்துவதை இந்த மூன்று நாள் தெரபிஸ்டிடம் என்றைக்காவது சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு நோட்டை எடுத்து, எந்தச் சத்தம், எந்த நேரம், எவ்வளவு நேரம் பொத்தினான், அப்புறம் என்ன ஆனது என்று ஒரு வாரம் எழுதுங்கள். கையை இறக்காத அந்த ஒரு வாரத்தில் எத்தனை முறை தரையில் விழுந்தான் என்பதையும் எழுதி, நோட்டோடு போய் அவர் முன்னால் உட்காருங்கள்.