சேர்த்த புள்ளியை எங்கே செலவழிப்பது? ஹோட்டல் புள்ளிகள் பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். பினாங்கிலும் கோலாலம்பூரிலுமாக 21 ஆண்டுகள் ஹோட்டல் முகப்பிலும் முன்பதிவுப் பிரிவிலும் வேலை பார்த்தவள் நான். இப்போது பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். இன்று மாலை முழுக்க உங்களுக்காகத்தான். ஹோட்டல் நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்து தங்கினால் புள்ளி கிடைக்கும், பிறகு காசுக்குப் பதிலாக அதைக் கொடுத்து அறை எடுக்கலாம். அதைப் பற்றித்தான் பேச்சு. கேள்வி கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். விமானப் பயணத்துக்குச் சேரும் மைலும், ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையை விலைக்கு வாங்கும் டைம்ஷேரும் என் துறை இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹோட்டலின் சொந்த இணையத்தளம், செயலி, தொலைபேசி இவற்றின் வழியாகப் பதிந்த அறைக்குத்தான் புள்ளி வரும்.

செந்தூல்: அக்கா, மேரியட் ஹோட்டல்களோட உறுப்பினர் திட்டம் பான்வாயில் 60,000 புள்ளி சேர்ந்திருக்கு. பிள்ளைங்க பள்ளி விடுமுறைக்கு கே.எல்.லயே (கோலாலம்பூர்) ஒரு நல்ல ஹோட்டல்ல தங்கலாமான்னு பார்க்கிறேன். லாபமா, நட்டமா?

முதலில் கணக்கைப் போடுவோம் தம்பி. அறைக்குக் காசாகக் கொடுத்தால் கடைசியில் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். விளம்பரத்தில் 350++ என்று இருந்தால் அந்த இரண்டு கூட்டல் குறிக்குள் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 8 விழுக்காடு சேவை வரியும் ஒளிந்திருக்கின்றன. ஆக 413 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாது. அதே அறைக்கு 20,000 புள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 413ஐ 20,000ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 2 சென் சொச்சம் கிடைக்கிறது. மேரியட் புள்ளிக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் 3 சென். அதற்குக் கீழே போனால் காசு கொடுத்துத் தங்குங்கள், புள்ளியைத் தொடாதீர்கள்.

இப்போது தோக்கியோவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓர் அறை வரியோடு 1,900 வெள்ளி, புள்ளியில் 50,000 என்றால் ஒரு புள்ளிக்கு 3.8 சென். உங்கள் 60,000 புள்ளி இங்கே ஏறக்குறைய 1,200 வெள்ளி, அங்கே 2,280 வெள்ளி. நம் நாட்டில் நல்ல ஹோட்டல் அறை மலிவு. உலகத்தில் பல பெரிய நகரங்களோடு ஒப்பிட்டால் மிக மலிவு. அதனால்தான் நான் எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடுகிறேன்: இங்கே காசு கொடுத்துப் புள்ளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அறை விலை கடிக்கிற ஊரில் போய்ச் செலவழியுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் அதில் விழுகிறார்கள். தோக்கியோவில் நீங்கள் காசு கொடுத்திருந்தால் 1,900 வெள்ளி அறையில் தங்கியிருப்பீர்களா? 900 வெள்ளி அறைதான் எடுத்திருப்பேன் என்றால் கணக்கில் 900ஐத்தான் போட வேண்டும். அப்போது ஒரு புள்ளிக்கு 1.8 சென்தான். திரையில் பெரிய எண் தெரிவதால் மட்டும் அது லாபம் ஆகிவிடாது.

சுங்கை பட்டாணி: சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் வருது. என் புள்ளியில அவங்களுக்கு அறை போட்டா சுற்றுலா வரி கட்டணுமா?

கட்ட வேண்டும். 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. புள்ளியில் போட்ட அறை என்று தள்ளுபடி கிடையாது. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது இல்லை, அடையாள அட்டையைக் காட்டினால் போதும். பினாங்கில் மாநிலத்துக்கென்று ஓர் இரவுக்கு 2, 3 வெள்ளி வாங்குவது தனிக் கணக்கு. அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முகப்பில் நின்று இந்தப் பத்து வெள்ளிக்குச் சண்டை போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அங்கே நிற்கும் பிள்ளைக்கு அதைத் தள்ளிவிட அதிகாரம் இல்லை.

பூச்சோங்: அகோடாவில் போட்டேன், புள்ளி ஏறவே இல்லையே?

ஏறாது, அகோடா ஓர் இடைத்தளம். முதல் பத்தியைப் பாருங்கள்.

பட்டர்வொர்த்: தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறோம். தீவிலேயே தங்கணும். புள்ளியில ஐந்து இரவு எடுத்தா ஓர் இரவு இலவசமாமே, அதைச் செய்யலாமா?

அந்தச் சலுகை உண்மைதான். மேரியட்டில் தொடர்ந்து ஐந்து இரவுகளைப் புள்ளியில் எடுத்தால் நான்குக்கு மட்டும் கழிப்பார்கள். ஹில்டனில் சில்வர் தகுதியோ (உறுப்பினர் படிநிலை) அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு, வழக்கமான அறைக்கு, இதேபோல் ஐந்தாவது இரவு உண்டு. ஆனால் மேரியட்டில் இலவசமாகக் கிடைப்பது ஐந்தில் புள்ளி குறைவாக உள்ள இரவு. தைப்பூசத்தன்று ஏறியிருக்கும் இரவு அல்ல. 2022இல் அவர்கள் நிலையான புள்ளிப் பட்டியலைக் கைவிட்டார்கள். அன்று முதல் கூட்டம் கூடக் கூடப் புள்ளியும் ஏறுகிறது. உங்களுக்கு வேண்டியது மூன்று இரவு. வெள்ளி ரதம் புறப்படும் நாள், பூச நாள், களைப்பாறி வீடு திரும்ப ஒரு நாள். இலவசத்துக்காக இரண்டு இரவை இழுத்துப் போடாதீர்கள்.

இடத்தையும் யோசியுங்கள். பத்து பெரிங்கியில் ஹில்டனின் டபுள்ட்ரீ இருக்கிறது, கடற்கரைக்கு அருமை. ஆனால் பால்குடத்துக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டுமே. கர்னி டிரைவ் பக்கம் எடுத்தால் தண்ணீர்மலை கிட்டத்தில். அங்கே மேரியட் இருக்கிறது. நாள் தெரிந்த உடனே பதிந்துவிடுங்கள். புள்ளியில் போட்ட அறையைக் குறித்த கெடுவுக்குள் ரத்து செய்தால் பெரும்பாலும் புள்ளி முழுதாகத் திரும்பிவிடும், அந்தக் கெடு எந்த நாள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்து, புள்ளி விலை இறங்கியிருந்தால் புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை ரத்து செய்யுங்கள். புதியது உறுதியான பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும்.

ஸ்ரீ கெம்பாங்கான்: விற்பனை வேலை அக்கா. மாதம் ஏழெட்டு இரவு வெளியூர். எதில் சேரலாம்?

நீங்கள் போகிற ஊர்களில் எந்த நிறுவனத்துக்கு ஹோட்டல் இருக்கிறதோ அதில். பட்டியல் போட்டுப் பாருங்கள், விடை தானாக வரும். அதன்பிறகு ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கு திட்டத்தில் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பவருக்கு எதிலும் ஓர் இரவுகூடத் தேறாது.

உங்களைப் போன்றவருக்குப் புள்ளியைவிடத் தகுதிதான் பெரிது. மேரியட்டில் 10 இரவுக்கு சில்வர், 25க்கு கோல்ட், 50க்கு பிளாட்டினம். அவர்கள் எண்ணுவது இரவை, செலவழித்த காசை அல்ல. 250 வெள்ளி அறையில் கழித்த இரவும் ஒன்றுதான், சிங்கப்பூரில் 1,200 வெள்ளி கொடுத்த இரவும் ஒன்றுதான். மாதம் எட்டு இரவு என்றால் ஏழாம் மாதமே பிளாட்டினம். அதன்பிறகு பெரும்பாலான ஹோட்டல்களில் காலைப் பசியாறலோ உறுப்பினர் ஓய்வுக்கூடமோ (லவுஞ்ச்) கிடைக்கும். மனைவி பிள்ளைகளோடு போகும்போது அந்தப் பசியாறல் ஒன்றே பெரிய தொகை. குடும்பத்தோடு மூன்று அறை எடுத்து நீங்களே காசு கட்டினால் மூன்றுக்கும் புள்ளி வரும், ஆனால் இரவுக் கணக்கு உங்கள் அறைக்கு மட்டும்.

தைப்பிங்: அக்கோர் ஹோட்டல் குழுமத்தோட புள்ளி நல்லதா?

நேர்மையான புள்ளி. 2,000க்கு 40 யூரோ, எந்த ஊரிலும் அதே மதிப்பு. வேட்டையாட ஒன்றும் இல்லை. 2,000 சேர்ந்தவுடன் கழித்துவிடுங்கள், தேக்கி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

கிள்ளான்: புள்ளிக்குக் காலாவதி உண்டா? நான் கவனிச்சதே இல்ல.

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. அப்பா படுக்கையில் விழுந்த ஆண்டு நான் எங்கும் போகவில்லை. மருத்துவமனை, வீடு, வேலை. ஒன்றரை ஆண்டு கழித்துக் கணக்கைத் திறந்தால் ஒரு நிறுவனத்தில் வைத்திருந்த 62,000 புள்ளியும் சுழியமாகி இருந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு காசி போவதற்காகச் சேர்த்தது. எழுதிக் கேட்டேன், விதி விதிதான் என்றார்கள். ஹோட்டலிலேயே வேலை பார்த்த எனக்கே இந்தக் கதி.

அதனால் இன்றே நாட்காட்டியில் குறியுங்கள். மேரியட், ஹில்டன், ஹையாட் மூன்றிலும் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் போய்விடும். ஹாலிடே இன் ஹோட்டல்களை நடத்தும் ஐஎச்ஜியில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதம். அக்கோரில் 365 நாள். ஓர் இரவு தங்கினால் காலக்கெடு முதலிலிருந்து ஓடத் தொடங்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் வேலையாக இந்தத் தேதியைப் பாருங்கள், அந்த நேரத்தில் வேறு எதுவும் நினைவில் நிற்காது.

ஷா ஆலாம்: புக்கிங் டாட் காமில் போட்டுட்டு முகப்பில உறுப்பினர் எண்ணைக் கொடுத்தா?

வராது.

கிள்ளான், பண்டமாரான்: அக்கா, மகனுக்கு வரவேற்பு விருந்து. கே.எல்.ல ஹோட்டல் மண்டபம், 80,000 வெள்ளிகிட்ட வருது. ரெண்டு வீடும் பாதிப் பாதி. ஒப்பந்தத்துல சம்பந்தி தன்னோட உறுப்பினர் எண்ணை எழுதிட்டார். நியாயமா?

நியாயத்துக்கு முன்னால் விதி. விருந்துப் புள்ளி ஒப்பந்தத்தில் பெயர் எழுதியவர் கணக்குக்குத்தான் போகும். பாதிப் பாதியாகப் பிரிக்க மாட்டார்கள். மேரியட்டில் ஓர் அமெரிக்க டாலருக்கு 2 புள்ளி. டாலர் 4 வெள்ளி என்று வைத்தால் 80,000 வெள்ளிக்கு 20,000 டாலர், 40,000 புள்ளி. சேவைக் கட்டணத்தையும் வரியையும் சேர்க்க மாட்டார்கள், வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்தால் அந்தச் செலவும் சேராது. கையெழுத்துக்கு முன்பே எண்ணை எழுதி வாங்க வேண்டும். விருந்து முடிந்தபின் கேட்டால் கிடைப்பது கடினம்.

ஈப்போ: பெண் வீட்டுக்காரங்களுக்குப் போறதுதான் முறை. மண்டபம் பார்த்து அலைஞ்சது அவங்கதானே!

ரவாங்: எந்த ஊர் முறை அது? முன்பணம் யார் கார்டுல போச்சோ அவருக்குத்தான்.

ஈப்போ: முன்பணமும் பெண் வீடுதான் கட்டியிருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

பண்டமாரான்: இல்லைங்க, நான்தான் கட்டினேன். 40,000 புள்ளி எனக்குப் பெரிசில்ல. ஒரு வார்த்தை கேட்கலையேன்னுதான்.

நிபோங் தெபால்: அதான் விஷயம். காசு இல்ல, மரியாதை.

எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள். நான் மண்டபப் பதிவு மேசையிலும் இருந்திருக்கிறேன். ஒப்பந்தப் படிவத்தில் அந்தக் கட்டம் சின்னது. விற்பனை ஊழியர், "உறுப்பினர் எண் இருக்கிறதா?" என்று கேட்பார், எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் எண்ணைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. உங்கள் சம்பந்தியும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். என் அளவுகோலில் 40,000 புள்ளி 1,200 வெள்ளி. 80,000 வெள்ளி விருந்தில் 1,200 வெள்ளிக்காகக் கல்யாணத்துக்கு முன்பே முகம் திருப்பிக்கொள்ள வேண்டாம். அதே சமயம் மனத்தில் வைத்துப் புழுங்கவும் வேண்டாம். இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒப்பந்தத்தைப் பொண்ணு அல்லது மாப்பிள்ளை பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். விருந்துக்கு முன்பு பெயர் மாற்றுவது ஒரு பக்கத் திருத்தம்தான்.

ரவாங்: மாப்பிள்ளை பேருக்கா, பொண்ணு பேருக்கா?

இதற்குமேல் நான் போகவில்லை.

ஜார்ஜ்டவுன்: மேரியட் புள்ளியை விமான மைலாக மாற்றலாமா?

பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு 3 புள்ளிக்கு 1 மைல், 60,000 மாற்றினால் கூடுதலாகத் தரும் 5,000 மைலையும் சேர்த்து மொத்தம் 25,000. டிக்கெட்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் மைல் குறைகிறது என்றால் மாற்றுங்கள். மற்றபடி வேண்டாம்.

காஜாங்: புள்ளியை விலைக்கு விற்கிறாங்களே, வாங்கிப் போடலாமா?

எந்த ஊர், எந்த ஹோட்டல், எந்தத் தேதி என்று சொல்ல முடிந்தால், அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, காசு விலையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். என்றாவது உதவும் என்று வாங்காதீர்கள். நாளைக்கு அவர்கள் விகிதத்தை மாற்றினால் நம்மைக் கேட்க மாட்டார்கள். தனி ஆட்களிடம் வாங்கவே கூடாது, கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

சிரம்பான்: டைம்ஷேர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர?

வழக்கறிஞரைப் பாருங்கள்.

பத்து பஹாட்: டிரிப் டாட் காமில் போட்டா புள்ளி…

வராது தம்பி. எந்த இடைத்தளமாக இருந்தாலும் இதே பதில்தான்.

பண்டமாரான்: அக்கா, சம்பந்திகிட்ட இப்பத்தான் பேசினேன். அவருக்கு அது என்ன எண்ணுன்னே சரியாத் தெரியலையாம், கேட்டாங்க, கொடுத்தேன்னார். பொண்ணு பேருக்கு மாத்தச் சொல்லிட்டோம். அவங்க ரெண்டு பேரும் அந்த 40,000ஐ எங்க செலவழிச்சா நல்லது?

நல்ல செய்தி சொன்னீர்கள் ஐயா, மனம் நிறைந்தது. லங்காவியிலும் பினாங்கிலும் செலவழிக்க வேண்டாம், அங்கே காசே போதும். மருமகளை இப்போதே உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள், இலவசம்தான். மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே புள்ளி இருந்தால் ஆண்டுக்கு 1,00,000 வரை கட்டணமில்லாமல் அவள் கணக்குக்கு மாற்றலாம். ஜப்பான் போகும் எண்ணம் இருந்தால், சகுரா பூக்கும் காலம், இலையுதிர்காலம் இரண்டும் இல்லாத மாதமாகப் பார்த்து, கியோத்தோவிலோ ஓசாகாவிலோ முதலில் புள்ளி விலையையும் யென் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 3 சென்னுக்கு மேல் வந்தால் போடட்டும். வராவிட்டால் காசு கொடுத்துவிட்டுப் புள்ளியை முதல் திருமண நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும், 24 மாதக் கெடு அதுவரை தாங்கும்.