ஏற்காட்டில் ஓட்ஸ் தேங்காய் குக்கீஸ் நொறுங்குவது ஏன்?

வணக்கம். சேலத்தில் மெத்தென்று வந்த ஓட்ஸ் தேங்காய் குக்கீஸ், ஏற்காட்டுக்குக் குடிவந்தபின் தட்டையாகப் பரவி அப்பளம்போல் நொறுங்குவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கிறது. அதனால் மாவின் ஈரம் விரைவில் ஆவியாகிவிடுகிறது, சமையல் சோடாவின் வாயுவும் கூடுதலாக விரிந்து, மாவு இறுகும் முன்பே அதைப் பரப்பிவிடுகிறது.

ஆகவே, அரைத் தேக்கரண்டி சோடா சேர்த்த இடத்தில் கால் தேக்கரண்டி மட்டும் சேர்த்து, மைதாவை 2 மேசைக்கரண்டி கூட்டுங்கள். வெள்ளைச் சர்க்கரையில் பாதிக்கு மேல் நாட்டுச் சர்க்கரையாக மாற்றுவதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அது ஈரத்தைப் பிடித்துவைப்பதால்தான் மெல்லும் பதம் கிடைக்கிறது. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிப் பக்கம் இறங்கும்போது, விரலில் சற்று ஒட்டும் சர்க்கரையாகப் பார்த்து வாங்குங்கள். உலர்ந்த தேங்காய்த்துருவல் மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், முதலில் அதை 2 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலில் பிசறிவிட்டு, பிறகு ஓட்ஸுடன் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் குளிரவையுங்கள்.

ஓவனில் 175 டிகிரியில் 10 நிமிடம் ஆனதும், ஓரம் மட்டும் பொன்னிறமாகி நடுப்பகுதி வேகாததுபோல் தோன்றும்போதே தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். அந்தத் தட்டின் சூட்டிலேயே 5 நிமிடத்தில் நடுப்பகுதி பதமாகிவிடும்.