அமெரிக்காவில் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவரை வேலையை விட்டு நீக்க முடியுமா?

முன்பு அடிமையாக இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக நீக்க முடியாது. 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. சிகிச்சை முடித்தவர், சிகிச்சையில் இருந்துகொண்டு போதைப்பொருளை விட்டுவிட்டவர், இருவருக்குமே அதில் பாதுகாப்பு உண்டு. இப்போதும் சட்டவிரோதப் போதைப்பொருள் எடுப்பவரை அதற்காக நீக்கலாம். எத்தனை நாள் விட்டிருக்க வேண்டும் என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. அதனால் போன வாரம்தான் நிறுத்தினேன் என்பது பெரும்பாலும் எடுபடாது.

மதுவின் கதை வேறு. குடிநோய் இன்னும் தீராதவரும் மாற்றுத்திறனாளியாகக் கருதப்படலாம். ஆனால் வேலையில் மற்றவர்களுக்கு உள்ள அதே அளவுகோல்தான் அவருக்கும். குடித்துவிட்டு வந்தால் சட்டம் காப்பாற்றாது.

பலருக்குத் தெரியாதது, ஹெராயின் போன்ற போதைப் பழக்கத்துக்கு மருந்தாகத் தரப்படும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் விஷயம். மருத்துவர் எழுதிக்கொடுத்து இவற்றை எடுப்பது சட்டப்படியான சிகிச்சை. பரிசோதனையில் மருந்து தெரிந்தது என்று மட்டும் சொல்லி வேலையை மறுப்பது தவறு. அவரால் வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்பதற்கு உண்மையான ஆதாரம் வேண்டும், அல்லது வேறொரு கூட்டாட்சிச் சட்டம் தடுத்திருக்க வேண்டும். இதை உரக்கச் சொல்ல வேண்டும். வேலைக்குப் பயந்து மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

சிகிச்சைக்காக வேலை நேரத்தை மாற்றித் தரும்படியும் கேட்கலாம். தவறு நடந்த பிறகு கேட்டால் நிறுவனம் அதை மன்னிக்க வேண்டியதில்லை, எனவே முன்பே கேளுங்கள். அநீதி நடந்தால் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பல மாநிலங்களில் 300 நாட்கள்.