இரவு அயன மண்டலத்தைச் செய்மதி எப்படி அளக்கிறது? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கல்முனை, உயர்தர மாணவர்: சேர், இரவில் வெயிலே இல்லை. பிறகு செய்மதி எதைப் பார்க்கிறது?

அயன மண்டலம் என்பது அயன்களும் (இலத்திரனை இழந்த அணுக்கள்) தனி இலத்திரன்களும் உள்ள மேல் வளிமண்டலப் பகுதி. பகலில் வெயிலால் உண்டான அயன்கள் இருட்டியவுடன் மறைந்துவிடாது தம்பி. 300 கிலோமீற்றருக்கு மேல் காற்று மிக மெல்லியது, அதனால் ஒட்சிசன் அயன்கள் மெதுவாகத்தான் குறையும். ஓர் அயன் ஓர் இலத்திரனைப் பிடிக்கும்போது மிச்சச் சக்தி ஒளியாக வெளியேறும். அதில் 135.6 நனோமீற்றர் புறஊதா ஒளியைத்தான் கருவி அளக்கிறது.

ஏறாவூர், ஆசிரியை: ஒளி இரட்டிப்பானால் இலத்திரனும் இரட்டிப்பா?

இல்லை டீச்சர், பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒளி வர அயனும் வேண்டும், இலத்திரனும் வேண்டும். அந்த உயரத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆகவே ஒளி, இலத்திரன் அடர்த்தியின் வர்க்கத்தைப் பின்பற்றும். அடர்த்தி 3 மடங்கானால் ஒளி 9 மடங்கு. அடர்த்தி பத்தில் ஒன்றானால் ஒளி நூறில் ஒன்று! அதனால் அடர்த்தி உச்சமாக உள்ள உயரம் பளிச்சென்று தெரியும். அதற்குக் கீழே மெலிந்த பகுதி கருவியின் இரைச்சலில் மூழ்கிவிடும். உயரத்துக்கு ஏற்ப அடர்த்தியைக் காட்டும் வரைபடத்தில் உச்சியை நான் நம்புவேன், அடிப்பகுதியை அவ்வளவாக நம்பமாட்டேன். இன்னொன்று: நேரே கீழே பார்க்கும் கருவி எல்லா உயரத்தையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும். உயரவாரியாக வேண்டுமென்றால் பூமியின் விளிம்பை நோக்கிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

வாகரை, மீனவர்: பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில சில நாள் படகில ஜி.பி.எஸ் தடுமாறுது. இதாலயா?

இருக்கலாம் அண்ணன். நாம் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு) பக்கத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் மறைந்தபின் இலத்திரன் அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து மேலெழும். அவற்றினூடே வரும் சமிக்ஞை நடுங்கும். புறஊதாப் படத்தில் அவை வடக்குத் தெற்காக நீண்ட கருங்கோடுகளாகத் தெரியும். மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டி, சூரியன் சுறுசுறுப்பான ஆண்டுகளில் இவை அதிகம். பக்கத்துப் படகுகளுக்கும் அதே நேரம் தடுமாறினால் வானத்தைச் சந்தேகியுங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் முதலில் அன்டெனா வயரைப் பாருங்கள்.

அக்கரைப்பற்று: தரையிலிருந்து கமராவில் பிடிக்கலாமா?

135.6 முடியாது, கீழேயுள்ள ஒட்சிசன் மூலக்கூறுகள் விழுங்கிவிடும். ஊர் விளக்குகள் செய்மதிக்குத் தொந்தரவு தராததும் அதனால்தான். ஆனால் அயன மண்டலத்திலிருந்தே வரும் 630 நனோமீற்றர் சிவப்பொளியை நல்ல வடிகட்டி உள்ள கமராவில் தரையிலிருந்தே பிடிக்கலாம்.

கல்லடி: எந்தச் செய்மதித் தரவை எடுக்கலாம்?

நாசாவின் 'ஐகான்'. 2019 ஒக்டோபரில் ஏவப்பட்டது, 2022 நவம்பரில் தொடர்பு அறுந்தது. அதன் பாதை நம் தலைக்கு மேலால் போனது, தரவும் இலவசம். நாசாவின் இன்னொரு புறஊதாக் கருவியான 'கோல்ட்' அத்திலாந்திக் பக்கம் நிலையாக நிற்பதால் நம்மைப் பார்க்காது. கோப்பு எடுக்கும்போது இரவுக்கானதையே எடுங்கள். பகலில் இதே 135.6 வேறு வழியிலும் உண்டாகும், அந்தக் கணக்கே வேறு.